தெரிந்த சொல்லில்தான் தடுக்கி விழுகிறார்கள்: ஒரு நாவலின் சொற்களை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஆங்கில இலக்கிய மாணவருக்குச் சொல்வளம் போதவில்லை என்ற பேச்சு எழுந்ததும் பெரும்பாலும் வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வின் சொற்பட்டியல் ஒன்று கைக்கு வந்துவிடும். ‘அப்ஸ்ட்ரூஸ்’, ‘லுகூப்ரியஸ்’ என்று நூற்றுக்கணக்கில் உருப்போடுவார்கள். பிறகு ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் 4-ஆம் அத்தியாயத்தைக் கொடுத்து, பென்னட் வீட்டு மகள்களில் மூத்தவள் ஜேன் எப்படிப்பட்டவள் என்று கேட்டால், ‘மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுபவள்’ என்று எழுதுவார்கள். நாவலில் வரும் ஜேனுக்கு அது நேர் எதிர். அவளை அப்படிக் காட்டியது ‘கேண்டிட்’ என்ற ஒற்றைச் சொல். அந்தச் சொல் தெரியாததால் நேர்ந்த பிழை இல்லை இது. நன்றாகத் தெரியும் என்று நினைத்ததால் நேர்ந்தது.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது அந்த ஒரு நாவலைத்தான். 1813 ஜனவரி 28 அன்று மூன்று தொகுதிகளாக வெளியானது. மொத்தம் 61 அத்தியாயங்கள், ஏறத்தாழ 1,20,000 சொற்கள். இளங்கலைப் பாடத்திட்டங்களில் அடிக்கடி இடம்பெறுகிறது. பதிப்புரிமைக் காலம் கடந்துவிட்டதால் குட்டன்பர்க் தளத்தில் முழு உரையும் இலவசமாகக் கிடைக்கிறது. அருஞ்சொற்கள் மிகக் குறைவு என்பது இதைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணம். பார்வைக்கு எளிய ஆங்கிலம், ஆனால் தடம் மாற வைக்கும் ஆங்கிலம்.

எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

சொல்வள ஆய்வில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் கணக்கு மொழியியலாளர் பால் நேஷன் 2006-இல் வெளியிட்டது. நாவல், நாளிதழ் போன்றவற்றைப் பிறர் துணையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது அது. ‘ஹேப்பி’, ‘அன்ஹேப்பி’, ‘ஹேப்பினஸ்’ எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். இந்தக் கணக்கின் அடித்தளம் 98 விழுக்காடு என்ற அளவு, அதாவது 50 சொல்லுக்கு ஒன்று மட்டுமே தெரியாததாக இருக்கலாம். 300 சொற்கள் கொண்ட பக்கத்தில் அது 6 சொல். 95 விழுக்காட்டுக்கு இறங்கினால் பக்கத்துக்கு 15 ஆகிவிடும். அப்போது கதை நழுவத் தொடங்கும்.

நல்ல கணக்குதான். ஆனால் அது எண்ணுவது சொல்லின் வடிவத்தை மட்டுமே, பொருளை அது தொடுவதில்லை. ஒரு மென்பொருளிடம் இந்த நாவலைக் கொடுத்தால் ‘வாண்ட்’, ‘லிவிங்’, ‘டிஸ்கவர்’ எல்லாவற்றையும் அடிப்படைச் சொற்களோடு சேர்த்து, தெரிந்தவை என்று பச்சை நிறம் பூசிவிடும். ஆனால் 1813-இன் ‘லிவிங்’ ஒரு பதவி. திருச்சபையின் பங்கு ஒன்றுக்குக் குருவாகி அதன் வருமானத்தை ஆயுள் முழுக்க அனுபவிக்கும் உரிமை. 16-ஆம் அத்தியாயத்தில் இளம் படை அதிகாரி விக்கம் தனக்குக் கிடைக்காமல் போனதாகச் சொல்லிப் புலம்புவது இதைத்தான். ‘வாழ்க்கையையே பறித்துக்கொண்டார்கள்’ என்று படித்துக்கொண்டால் வாக்கியம் ஒருமாதிரி ஓடிவிடும். ஓடிவிடுவதுதான் ஆபத்து. ‘டிஸ்கவர்’ பல இடங்களில் வெளிப்படுத்துவது என்ற பொருளில் வரும். ‘வாண்ட்’ என்பது ஆசையைக் காட்டிலும் இன்மையையே அதிகம் குறிக்கும்.

சூழலை வைத்துப் பொருளை ஊகிக்கக் கற்றுத்தருவது வழக்கம். அந்த முறை வேலைசெய்ய ஒரு முன்நிபந்தனை உண்டு: ‘இந்தச் சொல் எனக்குத் தெரியாது’ என்று வாசகருக்கு உறைக்க வேண்டும். சொல்வள ஆய்வாளர் பாத்தியா லாஃபர் இத்தகைய சொற்களை ஏமாற்றும் தெளிவு கொண்டவை என்று வகைப்படுத்தினார். தெளிவாகத் தெரிவதால் கண் நிற்பதில்லை. நிற்காத இடத்தில் ஊகத்துக்கு வேலை ஏது?

தமிழ் வழியே வந்த மாணவருக்கு இதை விளக்குவது எளிது. 1274-ஆம் குறளில் மொட்டுக்குள் இருக்கும் ‘நாற்றம்’ மணம் என்று பள்ளியிலேயே படித்தவர்கள் அவர்கள். ஆங்கிலத்திலும் அப்படி நடக்கும் என்று யாரும் சொல்லித் தராததுதான் குறை.

நோய் காணும் தாள்

‘இந்தச் சொல் தெரியுமா’ என்று கேட்டு டிக் போடச் சொல்லும் சோதனையால் இங்கே பயனில்லை. ‘சென்சிபிள்’ தெரியுமா என்றால் எல்லோரும் டிக் போடுவார்கள். வாக்கியமாகக் கொடுத்துக் கேட்பதே வழி.

நாவலிலிருந்து 12 வாக்கியங்கள் போதும். அவற்றில் 6 பொருள் மாறிய சொற்களுக்கு, 4 உண்மையிலேயே அறியாத சொற்களுக்கு, 2 எளிதானவை. ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லை அடிக்கோடிட்டு, இந்த வாக்கியத்தில் அது தரும் பொருளைத் தமிழிலோ சொந்த ஆங்கிலத்திலோ எழுதச் சொல்ல வேண்டும். பக்கத்திலேயே தன் விடையில் எவ்வளவு உறுதி என்று 1 முதல் 3 வரை ஓர் எண். நேரம் 40 நிமிடம். அகராதி கூடாது.

திருத்தும்போது சரி, தவறு என்று மட்டும் பார்த்தால் பாதி விஷயம் கைநழுவும். உறுதி 1 என்று போட்டுத் தவறாக எழுதியது சாதாரண அறியாமை, அகராதி தீர்த்துவிடும். உறுதி 3 என்று போட்டுத் தவறாக எழுதிய சொற்களைத்தான் தனியே எடுத்து வைக்க வேண்டும். அந்த மாணவருக்கான பாடத்திட்டம் அதுதான். நல்ல ஆங்கிலம் பேசும் மாணவர்களிடமே இந்த வகைப் பிழை கூடுதலாக இருக்கக்கூடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் இன்றைய பொருள் அவர்களுக்கு அவ்வளவு பழக்கம்.

மூன்று சொற்கள், விரிவாக

‘கேண்டர்’, ‘கேண்டிட்’. இன்று ஒளிவுமறைவின்மை. ஆஸ்டினிடம் பிறர் குறையைப் பாராமல் நல்லதையே எடுத்துக்கொள்ளும் மனம். சாமுவேல் ஜான்சனின் 1755 அகராதி இதற்கு இனிய சுபாவம், மனத்தூய்மை, கருணை என்றெல்லாம் பொருள் தருகிறது. வெளிப்படைத்தன்மையும் அந்த வரிசையில் இருக்கிறது, ஆனால் பலவற்றுள் ஒன்றாக. 4-ஆம் அத்தியாயத்தில் நாயகி எலிசபெத் தன் அக்கா ஜேனிடம் பேசும்போது சொல்லின் பொருளைத் தானே விரித்துவிடுகிறாள்: எல்லோரிடமும் இருக்கும் நல்லதை எடுத்து, அதை இன்னும் நல்லதாக்கி, கெட்டதைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பது. அகராதியே தேவையில்லாத இடம். ஆனாலும் மாணவர் தடுக்கி விழுகிறார். சொல் முதலில் வந்துவிடுகிறது, பழைய பொருள் உடனே மனதில் உட்கார்ந்துவிடுகிறது, பின்னால் வரும் விளக்கத்தைக் கண் மேய்ந்துவிட்டுப் போகிறது.

‘காண்டிசென்ஷன்’ இதைவிடச் சிக்கலானது, அதனால் சுவையானதும் கூட. 14-ஆம் அத்தியாயத்தில் பாதிரியார் காலின்ஸ், தனக்குப் பதவி அளித்த லேடி கேத்தரினின் ‘காண்டிசென்ஷனை’ வாய் ஓயாமல் புகழ்கிறார். இன்றைய பொருள் மேலிருந்து பார்த்து மட்டம் தட்டும் போக்கு. அதை வைத்துப் படித்தால் காலின்ஸ் தன் எசமானியைத் திட்டுகிறார் என்றாகும். அந்த மனிதர் கனவிலும் செய்யாத காரியம். ஜான்சன் தரும் பொருள், உயர்ந்தவர் தம் உயர்வை விட்டு விரும்பி இறங்கிவந்து தாழ்ந்தவரோடு சமமாய்ப் பழகுவது. பெருந்தன்மை என்று தமிழில் சொல்லிவிடலாம்.

நகைச்சுவை இங்கேதான் இருக்கிறது. காலின்ஸ் மனமாரப் பாராட்டுகிறார். ஆஸ்டின் அவரை அப்படிப் பாராட்டவிட்டு, அந்த அம்மாளின் அகந்தையையும் இவருடைய குழைவையும் ஒரே வீச்சில் காட்டிவிடுகிறார். பேசுகிறவர் என்ன பொருளில் சொல்கிறார் என்ற முதல் அடுக்கைப் பிடித்தால்தான் பனுவல் அதை வைத்து என்ன செய்கிறது என்ற இரண்டாம் அடுக்கு தெரியும். இன்றைய பொருளோடு நேரே உள்ளே நுழைகிறவருக்கு முதல் அடுக்கே கிடைக்காது. ‘ஐரனி’ (முரண்நகை) என்ற தலைப்பில் 10 மதிப்பெண் வினாவுக்கு அவர் எழுதுவது, வகுப்புக் குறிப்பிலிருந்து உருப்போட்ட வரையறையாக மட்டும் நின்றுபோகும்.

மூன்றாவதான ‘மேக் லவ்’, வகுப்பில் சிரிப்பலையைக் கிளப்புவது. 53-ஆம் அத்தியாயத்தில் எலிசபெத்தின் தந்தை பென்னட், புது மருமகன் விக்கம் எல்லோரிடமும் அதைச் செய்கிறான் என்கிறார். குழைந்து பேசி நயந்துகொள்கிறான் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. ஆசிரியர் இதை மழுப்பிக் கடந்துபோகாமல் அங்கேயே நின்று சொல்லிவிடுவது நல்லது. மாணவர் ஒருபோதும் மறக்காத பொருள் மாற்றம் இதுவாகத்தான் இருக்கும். மற்றவற்றைப் புரியவைக்க இதையே சான்றாக வைத்துக்கொள்ளலாம்.

பாராட்டா, பழியா?

பொருள் மாறிய சொல்லில் கண் நிற்காது என்பதுதான் சிக்கல் என்றால், நிறுத்துவதற்கு ஒரு கருவி வேண்டும். மனிதரை மதிப்பிடும் சொல் எது வந்தாலும் பக்க ஓரத்தில் மூன்று குறிப்பு எழுத வேண்டும். யார் சொல்கிறார், யாரைப் பற்றி, பாராட்டா பழியா. பாராட்டுக்குக் கூட்டல் குறி, பழிக்குக் கழித்தல் குறி. ‘காண்டிசென்ஷன்’ அருகே காலின்ஸ், லேடி கேத்தரின், கூட்டல் என்று எழுதியதும், தனக்குத் தெரிந்த பொருள் கழித்தல் ஆயிற்றே என்று மாணவருக்கே உறைக்கும். உறைத்த சொல்லுக்கு நெளிகோடு. அகராதியைத் திறக்க வேண்டியது அந்த நெளிகோட்டுச் சொற்களுக்குத்தான். அறவே தெரியாத சொல்லுக்கு நேர்கோடு போதும்.

முதல் வாரத்தில் நெளிகோடு அநேகமாக ஒன்றுகூட விழாது. அதை வைத்து நாவல் எளிது என்ற முடிவுக்கு வரக்கூடாது. பயிற்சி இன்னும் பிடிபடவில்லை என்றே பொருள். ஆசிரியர் ஒரே ஒரு பக்கத்தை எடுத்து, எல்லோர் முன்னிலையிலும் குறி போட்டுக் காட்ட வேண்டும்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஆஸ்டின் கதைசொல்லியின் குரலிலேயே ஊராரின் எண்ணத்தை நுழைத்துவிடுவார். விமர்சகர்கள் இதை ‘ஃப்ரீ இன்டைரக்ட் டிஸ்கோர்ஸ்’ என்பார்கள். 3-ஆம் அத்தியாய நடன விருந்தில் நாயகன் டார்சி உலகிலேயே அகந்தை பிடித்தவன், சகிக்க முடியாதவன் என்ற தீர்ப்பு வருகிறது. எழுதியிருப்பது கதைசொல்லி, நினைப்பது ஊர். யார் சொல்கிறார் என்ற கட்டத்தில் ‘கதைசொல்லி’ என்று எழுதி முடித்துவிடும் மாணவர் அந்தத் தீர்ப்பை ஆசிரியரின் கருத்தாக எடுத்துக்கொண்டுவிடுவார். மேற்கோள் குறி இல்லாமல் வரும் உச்சகட்ட அடைமொழிகள் அருகே ‘யாருடைய சொல்?’ என்று நான்காவதாக ஒரு கேள்வி போட்டு வைத்தால் தப்பிக்கலாம்.

எதை அட்டையில் எழுதுவது, எதை விட்டுவிடுவது

சந்தித்த எல்லாச் சொல்லையும் கற்க முனைந்தால் நாவல் பின்தங்கிவிடும். ‘மைக்கேல்மஸ்’ செப்டம்பர் 29-இல் வரும் திருநாள். ‘சேஸ் அண்ட் ஃபோர்’ நான்கு குதிரை பூட்டிய பயண வண்டி. இப்படிப்பட்ட பொருட்பெயர்களுக்குப் பக்க ஓரத்தில் இரண்டு சொல்லில் குறிப்பு எழுதி அதோடு விட்டுவிடலாம், மனப்பாடம் தேவையில்லை. ‘என்டெயில்’ மட்டும் விலக்கு. பென்னட்டுக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு வருமானம் தரும் நிலம் உண்டு. ஆண் வாரிசு இல்லாததால் அது மகள்களுக்குப் போகாமல் தூரத்து உறவினருக்குப் போகிறது என்பது 7-ஆம் அத்தியாயத்திலேயே சொல்லப்படுகிறது. கதையின் முதுகெலும்பு அந்தச் சட்டச்சொல். அது அகராதி வரிக்குள் அடங்காது, வகுப்பில் ஒரு கால்மணி நேரம் கேட்கும்.

அட்டைக்கு உரியவை இரண்டு வகை. பொருள் மாறிய சொற்கள் ஒன்று. மனிதரை எடைபோடும் சொற்கள் மற்றொன்று.

3×5 அங்குல அட்டை, ஒன்றுக்கு ஒரு சொல். முன்பக்கம் நாவலின் வாக்கியம் முழுமையாக, சொல் அடிக்கோடிட்டு, அத்தியாய எண், 1813 என்று ஆண்டு. தனிச் சொல்லை மட்டும் எழுதினால் அட்டை இன்றைய பொருளையே மீண்டும் மீண்டும் உறுதிப்படுத்தும். பின்பக்கம் நான்கு வரி: அன்றைய பொருள்; இன்றைய பொருள்; சொன்னவர், சொல்லப்பட்டவர், கூட்டல் கழித்தல் குறி; இன்றைய ஆங்கிலத்தில் இதே கருத்துக்கு வழங்கும் சொல். தமிழில் பொருள் எழுதத் தயங்க வேண்டியதில்லை. ஒற்றைத் தமிழ்ச் சொல்லாக எழுதுவதுதான் தவறு. ‘கேண்டர் = நேர்மை’ என்று எழுதிய அட்டையைக் கிழித்துப் போட்டுவிடலாம். ‘பிறர் குறை பாராத நல்லெண்ணம்’ என்று எழுதினால் நிற்கும்.

அத்தியாயத்துக்கு 5 அட்டை. வாரம் 4 அத்தியாயம் என்று போனால் ஒரு பருவத்தில், சுமார் 15 வாரத்தில், நாவல் முடியும். 300 அட்டை சேரும். எழுதிய மறுநாள், பிறகு 3, 7, 16, 35-ஆம் நாள்கள் என்று ஐந்து முறை திருப்பிப் பார்ப்பது. வாரம் 20 புதிய அட்டை, ஒவ்வொன்றுக்கும் ஐந்து பார்வை என்றால், ஓட்டம் சீரானபின் வாரம் 100 பார்வை. நாளுக்கு 14 அல்லது 15. பத்து நிமிட வேலை. உற்சாக மிகுதியில் அத்தியாயத்துக்கு 10 என்று தொடங்குகிறவருக்கு அது நாளுக்கு முப்பதாகும். ஒரு வாரம் இடைத்தேர்வில் போனால் 200 அட்டை குவிந்துவிடும், அதற்குப் பிறகு யாரும் பெட்டியைத் திறப்பதில்லை. ஆங்கி என்ற அட்டைச் செயலியில் செய்தாலும் இதே கணக்குதான். புதிய அட்டை வரம்பை நாளுக்கு 3 என்று வைத்துக்கொள்ளவும்.

முன்பக்கத்தைப் பார்த்ததும் புரட்டக்கூடாது. வாய்விட்டோ எழுதியோ விடை சொன்னபின்தான் புரட்ட வேண்டும். மீண்டும் மீண்டும் வாசிப்பது பழக்கமான உணர்வைத் தரும், நினைவிலிருந்து எடுக்கும் வலுவைத் தராது.

ஒன்றாகச் சேர்க்கக்கூடாதவை

நல்ல ஆசிரியர்களும் செய்யும் பிழை ஒன்று இங்கே உண்டு. ‘அக்ரியபிள்’, ‘ஏமியபிள்’, ‘அஃபபிள்’ மூன்றும் நெருங்கிய பொருள் கொண்டவை, ஆகவே ஒரே நாளில் சேர்த்துக் கற்பிக்கலாம் என்று தோன்றும். ஆய்வாளர்கள் டிங்க்கம் 1993-லும் வாரிங் 1997-லும் வெளியிட்ட சோதனைகள் இதற்கு மாறான முடிவைத் தந்தன: நெருங்கிய பொருளுள்ள புதுச் சொற்களை ஒரே தொகுப்பாகக் கற்றால் ஒன்று இன்னொன்றைக் குழப்பி, கற்பதற்குக் கூடுதல் முயற்சி வேண்டியிருக்கிறது. ஆகவே வாரத்துக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மூன்றும் தனித்தனியே ஊன்றியபின் ஒரே மேசையில் பரப்பி வேறுபாட்டைக் கேட்கலாம்.

அந்த வேறுபாடு வெறும் நுணுக்கம் என்று ஒதுக்கக் கூடியதல்ல. ‘அக்ரியபிள்’ பழக இனிமையானவர். ‘ஏமியபிள்’ உள்ளம் நல்லவர். பழக இனிமையாக இருக்கும் விக்கமின் உள்ளமும் நல்லது என்று எலிசபெத் எடுத்துக்கொண்டதில் இருந்துதான் பாதி நாவல் பிறக்கிறது. 1815 டிசம்பரில் வெளியான ஆஸ்டினின் ‘எம்மா’ நாவலில் நைட்லி என்ற பாத்திரம் இதை நேரடியாகவே பேசுகிறது: ஃபிராங்க் சர்ச்சில் என்ற இளைஞன் பிரெஞ்சு மொழியில் வேண்டுமானால் ‘ஏமாப்ல்’, ஆங்கிலத்தில் ‘ஏமியபிள்’ ஆக முடியாது என்பது நைட்லியின் தீர்ப்பு. பிறர் மனதைப் புண்படுத்தாத நுண்ணுணர்வு அவனிடம் இல்லையாம்.

இதுபோல் நாவலே தன் சொல்லுக்கு வரையறை தரும் இடங்களை முதலில் எடுத்துக்கொள்வது நல்ல உத்தி. 5-ஆம் அத்தியாயத்தில் மேரி ‘பிரைட்’, ‘வானிட்டி’ இரண்டையும் பிரித்துச் சொல்கிறாள்: முன்னது நம்மைப் பற்றி நாமே நினைப்பது, பின்னது பிறர் நம்மைப் பற்றி நினைக்க வேண்டும் என்று விரும்புவது. 8-ஆம் அத்தியாயத்தில் ‘அக்கம்ப்ளிஷ்ட்’ பெண் யார் என்று ஒரு கூடமே விவாதிக்கிறது. மேரி புத்தகம் படித்து ஒப்பிப்பவள், கரோலின் பிங்லி டார்சியைக் கவரப் பார்ப்பவள். ஆகவே வரையறை தருபவர்களே கேலிக்கு உரியவர்கள். அதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டியிருக்கிறது.

எடைபோடும் சொற்களில் தொனியைத் தமிழில் பிடித்துப் பார்ப்பது பெரிதும் உதவும். 3-ஆம் அத்தியாயத்தில் டார்சி எலிசபெத்தைப் பார்த்து ‘டாலரபிள்’ என்கிறான். ‘சகிக்கத்தக்க’ என்று அகராதிப்படி எழுதினால் தொனி செத்துவிடும். ‘பரவாயில்லை, ஆனால் என்னை இழுக்கிற அளவுக்கு அழகில்லை’ என்று சொல்லிப் பார்த்தால் அவளுக்கு ஏன் சுருக்கென்று தைத்தது என்பது விளங்கும். 34-ஆம் அத்தியாயத்தில் அவள் திருப்பி அடிப்பதும் ஒரு அடைமொழியால்தான். இன்னும் ‘ஜென்டில்மேன்லைக்’ ஆக நடந்திருந்தால் மறுப்பதற்குக் கொஞ்சம் வருந்தியிருப்பேன் என்கிறாள். பிறப்பாலும் சொத்தாலும் ‘ஜென்டில்மேன்’ ஆன ஒருவனிடம் நடத்தையால் நீ அப்படி இல்லை என்பது. 58-ஆம் அத்தியாயத்தில் அந்தச் சொல் தன்னை எப்படி வதைத்தது என்று டார்சியே சொல்கிறான். இந்த இரு அத்தியாயங்களையும் இணைக்கும் அட்டை ஒன்று போதும், ஒரு கட்டுரையே எழுதிவிடலாம்.

தேடு கருவியும் அகராதிகளும்

ஒரு சொல் நாவலில் எங்கெல்லாம் வருகிறது என்று பார்க்க ஆண்ட்காங்க் என்ற இலவச மென்பொருள் போதும். குட்டன்பர்க்கிலிருந்து வெறும் எழுத்துக் கோப்பை இறக்கி, தலையிலும் வாலிலும் இருக்கும் உரிமக் குறிப்பை வெட்டிவிட வேண்டும். வெட்டாவிட்டால் சட்ட மொழியும் ஆஸ்டின் கணக்கில் சேரும். ‘கேண்டர்’, ‘கேண்டிட்’ போன்ற வடிவங்களைத் தனித்தனியே தேடவும். முதல் நான்கு எழுத்தோடு நட்சத்திரக் குறி போட்டுத் தேடினால் மெழுகுவத்திக்கான ஆங்கிலச் சொல்லும் வரிசையில் வந்து நிற்கக்கூடும். கிடைத்த வரிகளில் பத்தைப் படித்தாலே, ஜேனைச் சுற்றி அந்தச் சொல் எப்படி மொய்க்கிறது என்பது தெரிந்துவிடும்.

பதிப்புக்குப் பதிப்பு அத்தியாய எண் மாறுவதைக் கவனிக்காவிட்டால் வகுப்பில் குழப்பம் வரும். சில பதிப்புகள் தொகுதிவாரியாக 23, 19, 19 என்று எண்ணிடுகின்றன. அவற்றில் 34-ஆம் அத்தியாயம் இரண்டாம் தொகுதியின் 11-ஆம் அத்தியாயம்.

அகராதி இரண்டு வேண்டும். இன்றைய பொருளுக்கு மாணவர் அகராதி ஒன்று, அன்றைய பொருளுக்கு ஜான்சனோ ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியோ. பேரகராதி பழைய பொருள்களை ஆண்டுச் சான்றோடு தரும். நூலகச் சந்தா இல்லாதவருக்கு ஜான்சனும் வெப்ஸ்டரின் 1828 பதிப்பும் இணையத்தில் இலவசம். பையில் இருக்கும் ஆங்கில–தமிழ் அகராதி அவசரத்துக்கு உதவும், ஆனால் அது தருவது பெரும்பாலும் இன்றைய பொருளை. நெளிகோட்டுச் சொற்களுக்கு அதை நம்ப வேண்டாம்.

வேர்ச்சொல் பயிற்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலத்தீன் வேரைப் படித்தால் எல்லாச் சொல்லும் வசமாகும் என்பது மிகைதான். ஆனால் பழைய பனுவல் படிப்பவருக்கு வேர் வேறொரு விதத்தில் கைகொடுக்கும், ஏனென்றால் அது பழைய பொருளுக்கு அருகில் நிற்கிறது. ‘காண்டிசென்ட்’ உடன் இறங்கி வருவது. ‘காம்ப்ளேசன்சி’யின் வேர் மகிழ்விப்பது, அக்காலத்தில் அது மகிழ்ச்சி, மனநிறைவு என்ற நல்ல பொருளிலும் வழங்கியது. ‘நைஸ்’ போன்றவற்றில் மட்டும் வேரை நம்பிப் போனால் ‘அறியாமை’ என்ற பொருளில் போய் முட்டிக்கொள்ள நேரும்.

விடைத்தாளுக்கான சொற்கள்

நாவலைப் படிக்கத் தேவையான சொற்கள் வேறு, நாவலைப் பற்றி எழுதத் தேவையானவை வேறு. இரண்டாவதற்குத்தான் ஆய்வாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட, 570 சொற்குடும்பங்கள் கொண்ட கல்விசார் சொற்பட்டியல் பயன்படும். ‘ஆம்பிகியுவஸ்’, ‘இம்ப்ளை’, ‘இன்டர்ப்ரெட்’ எல்லாம் அதில் உண்டு. அதை வைத்து ஆஸ்டினைப் படிக்கப் பார்ப்பது வீண்.

மாணவர் விடைத்தாளில் வினைச்சொல்தான் வறண்டு கிடக்கும். ‘ஆஸ்டின் சொல்கிறார்’, ‘ஆஸ்டின் சொல்ல விரும்புகிறார்’ என்றே பக்கம் முழுக்க ஓடும். முப்பது வினைச்சொற்கள் இருந்தால் போதும். ஆனால் ஒவ்வொன்றும் எதனோடு சேரும் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ‘அண்டர்கட்’ என்றால் கதைசொல்லியின் தொனி ஒருவர் சொன்னதை அடியில் அரித்துவிடுவது. ‘குவாலிஃபை’ இங்கே தேர்வில் தேறுவதல்ல, ஒரு கூற்றின் வீச்சைக் குறுக்குவது. விமர்சன மொழியிலும் தெரிந்த சொல்தான் காலை வாருகிறது. ஒரு வினைச்சொல்லை மூன்று வேறு விமர்சனக் கட்டுரைகளில் கண்டு, அந்த மூன்று வாக்கியங்களையும் எழுதி வைத்தபின்தான் தன் விடையில் பயன்படுத்துவது என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம். அகராதியிலிருந்து நேரே விடைத்தாளுக்கு வந்த சொல் எப்படியோ காட்டிக்கொடுத்துவிடும். ‘லுகூப்ரியஸ்’ என்றால் சோகமான என்று படித்தவர், தங்கை ஓடிப்போன செய்தி கேட்ட எலிசபெத்தை அப்படி வர்ணித்தால் அவள் கேலிச்சித்திரமாகிவிடுவாள். அந்தச் சொல்லில் மிகையான, ஏறத்தாழ நகைப்புக்கிடமான துயரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பருவ முடிவில்

முதல் நாள் தாளையே மீண்டும் கொடுத்தால் நினைவை அளந்ததாகும், திறனை அளந்ததாகாது. பழைய 12-இல் 6 வைத்துக்கொண்டு, மற்ற 6 வாக்கியங்களை மாணவர் படிக்காத இன்னொரு ஆஸ்டின் நாவலிலிருந்து எடுக்க வேண்டும். ‘பெர்சுவேஷன்’ இதற்கு ஏற்றது. புதிய வாக்கியங்களில் விடை தவறாக இருந்தாலும் உறுதி எண் 3-லிருந்து 1-க்கு இறங்கியிருந்தால் அது முன்னேற்றமே. சந்தேகப்படக் கற்றுக்கொண்டுவிட்டார், அகராதியைத் திறப்பார். உறுதி குறையாமல் தவறும் குறையாமல் இருந்தால், அட்டைகளை உருப்போட்டிருக்கிறார், குறி போட்டுப் படிக்கவில்லை என்று கொள்ளலாம். அடுத்த பருவத்தில் அவருக்குப் புது அட்டைகள் வேண்டாம். பக்க ஓரக் குறிகளை மட்டும் வாரம் ஒரு முறை வாங்கிப் பார்த்தால் போதும்.

300 அட்டைகளும் அடுத்த நாவலுக்கு அப்படியே வராது. சர்ச், வண்டி, வாடகை சார்ந்து எழுதிவிட்டவற்றைக் களைந்துவிடலாம். பொருள் மாறிய சொற்களின் அட்டைகளைக் கால வரிசைப்படி அடுக்கி வைத்துக்கொண்டு, 1890-களின் தாமஸ் ஹார்டி நாவல்களுக்குப் போகும்போது ஒவ்வொன்றையும் மீண்டும் அகராதியின் ஆண்டுச் சான்றோடு ஒத்துப் பார்க்க வேண்டும். முன்பக்கத்தில் 1813 என்று எழுதச் சொன்னது இதற்காகத்தான். ஆண்டு இல்லாத அட்டையை நம்பி ஹார்டியின் பாத்திரம் ஒருவரின் ‘காண்டிசென்ஷன்’ பெருந்தன்மை என்று படித்தால், இந்த முறை பிழை எதிர்த்திசையிலிருந்து வரும்.